மாடிப்படிக்கு விசா

கல்விக்காக இந்த உலகம் எத்தனையோ தியாகங்களைப் பார்த்திருக்கிறது. அவற்றில் முதல் பரிசு எங்கள் குடும்பத்துக்குத்தான். இல்லை என்று யாராவது சொன்னால் அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரராகத்தான் இருப்பார். வீட்டுப் பெண் ஒருத்தியை வெளிநாட்டுக்கு அனுப்பி மேற்படிப்புப் படிக்க வைத்தோம். இதில் என்ன அதிசயம், எல்லோரும்தான் அனுப்புகிறார்கள் என்பீர்கள். அனுப்புகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். போனவள் படித்துக்கொள்வாள் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அப்படிப்பட்ட பொறுப்பில்லாதவர்கள் அல்ல. அவளுடைய படிப்பை ஒருநாளும் அவள் கையில் விட்டதில்லை.

அவள் என் சின்ன அண்ணனின் மகள். விமானம் ஏறிய மறுவாரமே எங்கள் கூடத்தில் 'அயல்நாட்டுக் கல்வி உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், என் பெரிய அண்ணன். பதிவாளர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். 'பரிசீலிக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்' எல்லாம் இன்னும் பணியில் இருக்கின்றன. என் அக்கா, அதாவது பெண்ணின் அத்தை, புகைப்படத் துறைக்குப் பொறுப்பு. அடியேன் செயலாளர். தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அதை நல்ல தமிழில் தீர்மானமாக ஆக்குவது என் கடமை. மின்சாமான் கடை வைத்திருக்கும் சின்ன அண்ணன், பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் 'சிறப்பு அழைப்பாளர்'. அண்ணி, அதாவது பெற்ற தாய், 'பார்வையாளர்'. பார்வையாளர் டீ கொண்டுவரலாம், பேசக் கூடாது.

பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவள் போன அன்றே அது வழக்கொழிந்துவிட்டது. தெருவில் எல்லோரும் அவளை 'ஃபாரின்' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். சின்ன அண்ணன் 'ஃபாரின் அப்பா' ஆனார். நான் 'ஃபாரின் சித்தப்பா' ஆனேன். உள்ளூரைத் தாண்டாமலே எனக்கு அந்தப் பட்டம் கிடைத்ததில், பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமைதான்.

முதல் கூட்டத்திலேயே ஒரு நெருக்கடி.

“அவ என்னதான் படிக்கிறா?” என்று தலைவர் கேட்டார்.

“கழிவுநீர் சுத்திகரிப்புண்ணா,” என்றார் சின்ன அண்ணன்.

அக்கா சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன்டா, கடல் தாண்டிப் போய் சாக்கடையா படிக்கிறா? நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்னடா சொல்றது?” என்று கேட்டாள்.

“அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்காம். ஊருக்கு ஊர் தண்ணி கெட்டுப்போயிட்டு வருது, யாராவது இதைப் படிக்கணும்ல அப்பான்னு சொன்னா.”

“பிடிச்சிருக்குன்னு வேற வெளிய சொல்லித் தொலைக்காதே.”

நீண்ட விவாதத்துக்குப் பிறகு 'கழிவு' என்ற சொல்லை நீக்குவதென்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. படிப்பு 'நீர் மேலாண்மை' ஆயிற்று. அடுத்த கூட்டத்தில் அக்காவுக்கு நீர் என்றாலும் குழாயடி நினைவுக்கு வந்ததால், அதுவும் போய் வெறும் 'மேலாண்மை' மிஞ்சியது. உறவுக்காரர்களில் பாதிப் பேர் அவள் ஏதோ கம்பெனியில் மேனேஜராகிவிட்டாள் என்று நினைத்து, தங்கள் பிள்ளைகளுக்கு வேலை போட்டுத் தரச் சொல்லி நச்சரித்தார்கள். தலைவர் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் சொன்னார்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு. சின்ன அண்ணன் கடையிலிருந்து பெரிய டிவி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். உறவினர்கள் வந்து உட்கார்வார்கள். ஆரம்பத்தில் பெண் எதையெதையோ காட்டினாள். அகலமே இல்லாத ஒரு கட்டில். சத்தம் மட்டும் போட்டுவிட்டுச் சூடு தராத ஒரு ஹீட்டர். பொதுச் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குள் அவளுக்கென்று ஒரு தட்டு, அதில் அவள் பெயர் எழுதி ஒட்டிய ஒரு பால் டப்பா. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எதிரே, முறை வரும்வரை பாடம் படிக்கும் ஒரு பெஞ்சு. ஒருநாள் அவளுடைய ஆய்வுக்கூடத்தைக் காட்டினாள். பழுப்பு நிறத் தண்ணீர் நிரம்பிய பாட்டில்கள் வரிசையாக நின்றன.

“இது வந்து சேர்ந்த தண்ணி அத்தை. இது மண்ல வடிச்சது. இங்க பாருங்க, கடைசி பாட்டில், கண்ணாடி மாதிரி இருக்கா? இதை நானே செஞ்சேன்!” முகமெல்லாம் பூரிப்பு.

“முதல்ல அந்த பாட்டிலையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளும்மா,” என்றாள் அக்கா. “மாமா வீட்டுலேர்ந்து வந்து பாத்துட்டிருக்காங்க. டீ குடிக்கிற நேரத்துல இதென்ன கண்றாவி?”

பெண் பாட்டில்களைத் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தைக் காட்டவில்லை.

எங்களுக்குத் தேவை, சுற்றுலா. ஏனென்றால் எதிர்வீட்டுக்காரரின் மகனும் வெளிநாட்டில் இருந்தான். எதிர்வீட்டுக்காரர் வங்கி மேலாளராக இருந்தவர். எங்கள் குழு அவரை 'எதிர்க்கட்சி' என்றே குறிப்பிடும். அவருடைய மகன் ஒரு மலையின் முன்னால் நின்று எடுத்த படத்தை அவர் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார். எங்களிடம் மலை இல்லை. அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. இனி வாரம் ஒரு புதிய இடம் என்று தீர்மானம் நிறைவேறியது. சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தை விட்டு வந்ததும் பெண் பஸ் பிடித்து, ரயில் மாறி, எங்காவது போக வேண்டும். பாலம், அரண்மனை, ஏரி, மணிக்கூண்டு. எந்த இடத்தையும் அவள் பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது. எல்லா இடத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள்.

படங்களை அக்கா சிரிப்பு, கோட்டு, பின்னணி என்று மூன்று வகையிலும் ஆராய்வாள். ஒரே கோட்டை அடுத்த வாரமும் போடக் கூடாது. வகுப்பில் யாரிடமாவது இரவல் வாங்கியாவது மாற்ற வேண்டும். நேரலையிலும் இதே கண்டிப்புதான்.

“அத்தை, ரெண்டு வாரமா தூக்கமே வரல எனக்கு.”

“கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு கண்ணு. பாலம் மறைக்குது.”

“லேப் ரிப்போர்ட் குடுக்க முடியல. சனி ஞாயிறு ஊர் சுத்தவே சரியா போயிடுது. ப்ரொஃபசர் கூப்பிட்டுக் கேட்டாரு.”

“தலையைக் கோதி விட்டுக்கோ. இப்ப சிரி. இதென்ன சிரிப்பு? பல் வலிக்கிற மாதிரி!”

பெண் சிரித்தாள். படம் பாராட்டுப் பெற்றது. மாமா வீட்டில் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

ஒருநாள் அவள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன்.

“சித்தப்பா, யாரும் பக்கத்துல இல்லையே? நேத்து முழுக்க நான் வாயைத் திறந்து பேசினது என்ன தெரியுமா? பஸ்லேர்ந்து இறங்கும்போது டிரைவர்கிட்ட 'தேங்க்ஸ்'. அவ்வளவுதான். சாப்பாடு இறங்கல. க்ளாஸ்ல உக்காந்தா காரணமே இல்லாம அழுகை வருது. காலேஜ் டாக்டர்கிட்ட போனேன். ஒரு செமஸ்டர் லீவ் எடுத்துக்கோ, வீட்டுக்குப் போய் மனுஷங்களோட இருந்துட்டு வான்னு சொன்னாங்க. என் இடம் அப்படியே இருக்குமாம். படிப்பை விடல சித்தப்பா. கொஞ்ச நாள் அம்மா பக்கத்துல இருந்துட்டு திரும்பிடுவேன். வந்துடட்டுமா?”

“வாம்மா” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் செயலாளர். விஷயத்தைக் குழுவின் முன் வைத்தேன்.

“பாதில திரும்பி வந்தா அதுக்கு என்னடா பேரு?” என்றார் தலைவர்.

“லீவுண்ணா,” என்றார் சின்ன அண்ணன்.

“அது நீ வைக்கிற பேரு. ஊர் என்ன பேரு வைக்கும்? ஃபெயிலாயிட்டாம்பாங்க. இல்ல, துரத்திட்டாங்கம்பாங்க. இல்லன்னா அதுக்கும் மேல சொல்லுவாங்க, பொண்ணு வேற.”

“எதிர்க்கட்சி லட்டு மாதிரி வாயில போட்டுக்கும்,” என்றாள் அக்கா.

அப்போது பார்வையாளர் விதியை மீறினார். டீ தட்டைக் கீழே வைத்துவிட்டு, “பேரு எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு என் பொண்ணு வரட்டும்,” என்று அண்ணி சொன்னாள். இந்தப் பேச்சு அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அதுவரை தைரியமாக இருக்கவும்' என்று பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். அக்கா தன் பங்குக்கு ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினாள்.

பரிசீலனை முடிவதற்குள் அவள் வந்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அலுவலக நடைமுறை தெரிவதில்லை. ஒரு பிற்பகல் வாசலில் டாக்ஸி நின்றது. தலைவர்தான் கதவைத் திறந்தார். எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறார்! பாசத்தோடு அவர் கேட்ட முதல் கேள்வி:

“உன்னை யாராவது பாத்தாங்களா?”

“டாக்ஸி டிரைவர் பாத்தாரு பெரியப்பா.”

“அவர் நம்ம தெருவா?”

அதற்குள் அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். மகளைக் கண்டதும் “அய்யோ, என்னடி இப்படி ஆயிட்டே!” என்று கைகளை விரித்தாள்.

“கதவைச் சாத்திட்டுக் கட்டிப்பிடிம்மா!” என்று தலைவர் அதட்டினார். கதவு சாத்தப்பட்டது. பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெண் பாதியாக இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. செயலாளர் அழுதால் நன்றாக இராது என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று எடுக்கப்பட்ட முடிவைப் போல் ஒரு முடிவை எந்த நாட்டு அமைச்சரவையும் எடுத்திருக்காது. பெண் இங்கே வரவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள். 'அங்கே' என்பது எங்கள் மாடியறை.

மாடியறையில் சின்ன அண்ணனின் கடைச் சாமான்கள் வந்த காலி அட்டைப்பெட்டிகள் அடைந்து கிடந்தன. அவற்றை அகற்றிச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். ஒரு ஏசியைப் பொருத்தி, குளிரை உச்சத்தில் வைத்தோம். ஜன்னல்களைச் சாத்தித் தடித்த திரை போட்டோம். பனி மூடிய மரம் ஒன்றின் பெரிய படத்தை அக்கா வாங்கிவந்து ஒட்டினாள். பெண்ணுக்குக் கோட்டு போட்டு அந்த மரத்தின் முன் உட்கார வைத்தபோது, அச்சு அசல் வெளிநாடு. எங்களுக்கே குளிர் தாங்கவில்லை.

“மாடிப்படி ஏறும்போதே நாட்டை விட்டுப் போறோம்ங்கிற நெனப்பு வரணும்,” என்றார் தலைவர். “கண்டபடி ஏறி இறங்கினா கண்டுபிடிச்சுடுவாங்க.” எனவே மாடிப்படிக்கு 'விசா' முறை கொண்டுவரப்பட்டது. படப்பிடிப்பு அக்காவின் பொறுப்பு என்பதால் அவளுக்கு எந்நேரமும் அனுமதி உண்டு. நான் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகலாம். அது 'சரக்குப் போக்குவரத்து'. அண்ணிக்கு வாரம் ஒரு முறை, அதுவும் அழுதுகொண்டு இறங்குவதில்லை என்ற நிபந்தனையோடு. சின்ன அண்ணனுக்கு மனது இளகிவிடும் என்பதால் விசா மறுக்கப்பட்டது.

மற்ற நேரங்களில் வீடியோ அழைப்பு உண்டே! அண்ணி கீழே அடுப்படியில் நின்று போனைப் பிடிப்பாள். மகள் அவள் தலைக்கு நேர் மேலே இருப்பாள்.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேம்மா. நீ?”

“இனிமேதான். அங்க குளிருதா?”

“ரொம்ப குளிருதும்மா. அம்மா, நீ இப்ப ஏதோ தாளிச்சியா? வாசனை வருது.”

அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள். விஞ்ஞானம் எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது பாருங்கள்.

இதற்கிடையில் ஏசி அடிக்கடி பழுதாயிற்று. சின்ன அண்ணனே கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போவார். பழுதுபார்ப்பவருக்கு விசா தேவையில்லை அல்லவா? உள்ளே போய்ச் சேர்ந்ததும் ஸ்க்ரூ கழற்றும் சத்தமே கேட்காது. ஒருநாள் நான் தட்டோடு போனபோது, அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். ஏசி பாட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் அவசரமாக ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். பிடியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் முனையைப் பிடித்தார். நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் தலைவர் கணக்கில் கெட்டிக்காரர். “உன் கடை சரக்கு இவ்வளவு மட்டமாடா? புதுசா ஒண்ணு மாட்டு, வாரண்டியோட,” என்று உத்தரவிட்டார். புதிய ஏசி வந்தது. அது பழுதாகவே இல்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதிர்க்கட்சியே நேரில் வந்துவிட்டார்.

“பொண்ணோட பேசறீங்களாமே, நானும் ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போறேன்,” என்று டிவிக்கு முன்னால் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் பெண் தோன்றினாள். கோட்டு, பனிமரம், எல்லாம் கச்சிதம்.

“எப்படிம்மா இருக்கே? அங்க இப்ப என்ன நேரம்?”

“காலையில அங்கிள். இப்பதான் எழுந்தேன்,” என்று பெண் தயங்காமல் சொன்னாள். தலைவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பெருமிதம்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டி வந்தது. ஒலிபெருக்கி அலறியது: “பழைய இரும்பு, பழைய பேப்பர், உடைஞ்ச பிளாஸ்டிக் வாங்குறது!”

ஒரு நொடி கழித்து டிவியிலிருந்தும் அதே அலறல் வந்தது.

எதிர்க்கட்சி தெருவைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார்.

“அங்கயும் பழைய இரும்பு வாங்க வர்றாங்களா?”

“நம்ம ஆளுங்கதான் சார்,” என்றார் தலைவர், கொஞ்சமும் அசராமல். “எங்க போனாலும் பிழைச்சுக்குவாங்க.”

“குரல்கூட ஒரே குரலா இருக்கே?”

“ரெக்கார்ட் பண்ணின குரல்தானே. இங்கேர்ந்துதான் ஏற்றுமதி ஆகுது.”

பெண்ணால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! முதலில் அது மாடியிலிருந்து கேட்டது. அப்புறம் டிவியிலிருந்து கேட்டது. அடுப்படி வாசலில் நின்ற அண்ணி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து, சிரிக்கத் தொடங்கி, அழுதுவிட்டாள். எதிர்க்கட்சி மெதுவாகத் தலையைத் தூக்கி எங்கள் கூரையைப் பார்த்தார்.

“நெட் போயிடுச்சு,” என்று தலைவர் டிவியை அணைத்தார்.

எதிர்க்கட்சி எழுந்தார். முடிந்தது கதை, மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“உங்க அண்ணனைக் கொஞ்சம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியுமா? எங்க மாடில ஏசி சரியா இல்ல. பையன் ராத்திரியெல்லாம் வேர்த்துப்போறான்.”

“உங்க பையன் மலைக்குப் பக்கத்துல இல்ல இருக்கான்?”

“மலையும் மாடிலதான் இருக்கு,” என்றார் அவர்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இனி யாருக்கு யார் பயப்பட வேண்டும்? ஒரே ஓட்டமாக உள்ளே வந்து குழுவிடம் சொன்னேன். பெண்ணையும் கூப்பிட்டேன். அவள் படியிறங்கி, கடைசிப் படியில் வந்து நின்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது.

“பெரியப்பா, அவங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே. நான் இனிமே கீழ இருக்கட்டுமா? வெளியகூடப் போகல. ஹால்ல அம்மா பக்கத்துல உக்காந்து சும்மா டிவி பாக்கறேன், அவ்வளவுதான்.”

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். கூடமே அவர் வாயைப் பார்த்தது. அண்ணி தன் பக்கத்து நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து இடம் பண்ணினாள்.

“ஒரு பேங்க் மேனேஜரே இப்படித்தான் செஞ்சிருக்கார்னா, நம்ம முறை சரியான முறைன்னு நிரூபணம் ஆயிடுச்சு,” என்றார் தலைவர். “ஆனா ஒண்ணு. அவர் பையன் இறங்கறதுக்கு முன்னாடி நீ இறங்கினா, நாம தோத்த மாதிரி ஆயிடும். அவன் இறங்கட்டும். அப்புறம் உன் விஷயம் பரிசீலிக்கப்படும்.”

“அதானே!” என்றாள் அக்கா.

சின்ன அண்ணன் எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “உக்காருடா,” என்றார் தலைவர். சின்ன அண்ணன் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு திரும்பிப் படியேறிப் போனாள்.

மறுநாள் தட்டு கொண்டுபோனபோது அவள் கோட்டைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். பெட்டி திறந்திருந்தது.

“காலேஜுக்கு எழுதிட்டேன் சித்தப்பா. லீவை முடிச்சுக்கறேன். டிக்கெட்டும் போட்டாச்சு.”

குழு துள்ளிக் குதித்தது. எங்கள் சிகிச்சை பலித்துவிட்டதே! டாக்டர் ஒரு செமஸ்டர் என்றார். நாங்கள் பாதியிலேயே குணப்படுத்திவிட்டோம். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று அக்கா முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன்.

வழியனுப்புவதில்தான் சிக்கல். வராத பெண்ணை எப்படி வழியனுப்புவது? விமான நிலையத்துக்கு யாரும் போகக் கூடாது என்று முடிவாயிற்று. தெரு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து அவள் கிளம்பினாள். அண்ணி, சாத்திய கதவுக்கு உள்ளே மகளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. “நான் ஒரு வார்த்தை சத்தமா பேசியிருக்கணும்டி,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்ன அண்ணன் கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று, நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மகள் அவர் காலைத் தொட்டு, “வரேம்ப்பா,” என்றாள். அவர் கீழே குனியவில்லை. குனிந்திருந்தால் விழுந்திருப்பார்.

நான் பெட்டியைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனேன். டாக்ஸி இன்னும் வந்து சேரவில்லை. சுவரோரம் நிழலில் நின்றோம்.

“திரும்பவும் அங்க தனியா இருக்கணுமேம்மா. பயமா இல்லையா?”

“இருக்கு சித்தப்பா,” என்றாள். “ஆனா அங்க தனியா இருந்தா, தனியா இருக்கேன்னு தெரியும். சரி, யாரும் இல்ல, நம்மளை நாமதான் பாத்துக்கணும்னு எழுந்து ஏதாவது சமைப்பேன். டாக்டர்கிட்ட போவேன். இங்க கீழ நீங்க எல்லாரும் பேசறது கேக்கும். அம்மா பாத்திரம் உருட்டறது கேக்கும். எழுந்து கதவு வரைக்கும் வருவேன். வந்துட்டு, கூடாதுன்னு ஞாபகம் வந்து, திரும்பப் போய் உக்காருவேன். அதுதான் சித்தப்பா முடியல.”

“ஞாயித்துக்கிழமை அத்தை போட்டோ கேப்பாளே?”

“நெட் போயிடுச்சுன்னு சொல்லிடுங்க.”

டாக்ஸி வந்தது. பெட்டியை ஏற்றினேன். அவள் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டாள். வண்டி திரும்பியதும் நான் அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். தெரு தூங்கிக்கொண்டிருந்ததால் குழுவுக்கு இழுக்கு நேரவில்லை.

அவள் படித்து முடித்தாள். 'கழிவு' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் பட்டம் கொடுத்தார்கள். அங்கேயே வேலையும் கிடைத்தது. ஏதோ ஒரு நகரத்தின் தண்ணீர் முழுவதும் அவள் கையைத் தாண்டித்தான் போகிறதாம். அண்ணியோடு மட்டும் தினம் பேசுகிறாள். இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சிரிக்கிறாள் என்று அண்ணி சொல்கிறாள். ஊருக்கு எப்போது வருவாள் என்று மட்டும் அண்ணி கேட்பதில்லை.

ஆகவே குழு தன் பணியை வெற்றிகரமாக நிறைவு செய்துவிட்டது. நிறைவுக் கூட்டத்துக்குத் தெருக்காரர்களையும் அழைத்திருந்தோம். தலைவர் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, புதிதாகக் குடிவந்த ஒருவர் எழுந்து, வெள்ளந்தியாக ஒரு சந்தேகம் கேட்டார்.

“படிப்பு முடிஞ்சாச்சு, வேலையும் கிடைச்சாச்சு, சந்தோஷம். ஆனா இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அந்தப் பொண்ணு வீட்டுப் பக்கம் வரலியாமே சார்? வீட்டு நெனப்பே வராதா அவளுக்கு?”

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“வராது சார். வராத மாதிரி நாங்க பாத்துக்கிட்டோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எங்கள் குழு எத்தனையோ அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. ஓர் எழுத்துகூடப் பொய் கலக்காத அறிக்கை அது ஒன்றுதான்.